வெற்றிலை போடாத என் வாய்

என் வாய் அழுகியது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. கீழ்த் தாடையில், வலது பக்கம், பல் பிடுங்கிய இடத்தில் சீழ் வடிந்தது. காலையில் எழும்பினால் தலையணை மஞ்சளாக இருக்கும். என் மூச்சை நானே பொறுக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். கீழ் உதடு மரத்துப் போயிருந்தது. தேத்தண்ணி குடித்தால் முகவாய் நாடி வழியாக ஒழுகுவது எனக்குத் தெரியாது. எதிரே இருக்கிறவரின் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் துடைப்பேன். ஒரு பிடி சோற்றை விழுங்க முடியாமல், செத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். ஆண்டவரிடமே சொல்லியிருக்கிறேன்.

சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியைச் சொல்லும்படி முன்பே இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டீர்கள். "சுகமாயிட்டேன்னு சொல்லுங்கக்கா, சொன்னா அப்படியே ஆயிரும்" என்றீர்கள். வாயில் சீழை வைத்துக்கொண்டு சுகம் என்று சொல்ல மாட்டேன் என்றேன். அதற்கும் என்மேல் கோபப்பட்டீர்கள். இப்போது சொல்கிறேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் ராசம்மா. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கும் தகரக் கூரைச் சபையில்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் சபையில் தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்னால் இரண்டு காரியத்தை விடச் சொல்வார்கள். ஆம்பிளைகள் சாராயத்தை விட வேண்டும். பொம்பிளைகள் வெற்றிலையை விட வேண்டும். மலையில் குளிரில் நின்று வேலை செய்கிற பொம்பிளைக்கு வெற்றிலை என்றால் என்ன என்று மலையில் நின்றவளுக்குத்தான் தெரியும். நான் விட்டேன். அதற்குப் பிறகு ஒரு பாக்குத் துண்டைக்கூட நாக்கில் வைத்ததில்லை.

என் புருஷன் முருகையா விடவில்லை. அவர் விசுவாசியும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு சபை வாசல் வரைக்கும் வருவார். உள்ளே வர மாட்டார். வாசலுக்கு எதிரே ஒரு கல் இருக்கிறது. அதில் உட்கார்ந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, ஆராதனை முடியும் வரைக்கும் மென்று துப்பிக்கொண்டிருப்பார். அந்தக் கல்லின் ஒரு பக்கம் சிவந்து போயிருந்தது. "உள்ள வாங்களேன்" என்றால், "நீ எனக்கும் சேத்துக் கும்புடு. ரெண்டு பேரும் போனா செருப்ப யாரு பாத்துக்கிறது?" என்பார்.

என் கை மூட்டெல்லாம் வீங்கிப்போய் வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றன. மூட்டுக் கிளினிக்கில் மாத்திரைகள் தருகிறார்கள். வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டெரொயிட் மாத்திரையைக் காலம் முழுதும் குடித்தால் எலும்பு தேயுமாம். அதனால் எலும்பைப் பலப்படுத்த இன்னொரு மாத்திரையும் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒன்று, அதாவது ஏழு நாளைக்கு ஒன்று மட்டும். வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில் குடிக்க வேண்டும். குடித்த பிறகு அரை மணித்தியாலம் எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கக் கூடாது. நிற்கவோ நிமிர்ந்து உட்காரவோ வேண்டும்.

கிழமைக்கு ஒரு நாள் என்றால் மறந்துபோகும் என்று நான் ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தேன். திருவிருந்து எடுக்கிறவர்கள் நாங்கள் வெறும் வயிற்றோடுதான் சபைக்குப் போவோம். லயத்திலிருந்து சபைக்கு ஏறும் ஏற்றமும் அரை மணித்தியாலம்தான். மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறினால் சரியாக இருக்கும். அப்படியே வருஷக்கணக்காகக் குடித்தேன். அது எனக்கு மருந்து மாதிரியே தோன்றாமல் போய்விட்டது. தலை சீவுவது மாதிரி, வெள்ளைச் சேலை கட்டுவது மாதிரி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த மாத்திரை ஆஸ்பத்திரியில் இருப்பில் இல்லாததால் வெளியே வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். மாத்தளையில் கடையில் வேலை செய்யும் என் மகள் வாங்கி அனுப்புவாள். மருந்தெல்லாம் எழுதும் கிளினிக் கொப்பியில் அதன் பேரே இல்லை.

போன வருஷம் மழை தொடங்கின நேரம் கடைவாய்ப் பல் ஒன்று ஆடி வலித்தது. மாத்தளை டவுனில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். அவர் கேட்டார்.

"அம்மா, தினமும் என்ன மாத்திரை குடிக்கிறீங்க?"

தினமும் குடிப்பதை எல்லாம் சொன்னேன். மூட்டு மாத்திரை, வீக்க மாத்திரை, வயிற்றெரிச்சல் மாத்திரை. ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பிடுங்கினார். பல் சுலபமாக வந்தது.

புண் மட்டும் ஆறவில்லை. குழி மூடவில்லை. நாக்கால் தடவினால் உள்ளே சொரசொரப்பாக ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. வேர் உடைந்து நிற்கிறது போல என்று திரும்பவும் அவரிடமே போனேன். அவர் ஊசி போட்டுச் சுரண்டி எடுத்து, ஒரு கிழமைக்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரை குடிக்கும் வரைக்கும் சீழ் நின்றது. முடிந்ததும் முன்னைவிட மோசமாக வந்தது. வலி தாங்காமல் கராம்பை நசுக்கி அந்தக் குழியில் வைத்துக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் பல்வலிக்கு எல்லோரும் செய்வதுதான். அந்தக் கராம்புதான் என்னைக் குற்றவாளி ஆக்கியது.

வெற்றிலைக்குள் கராம்பு வைத்து மடிப்பது எல்லோருக்கும் தெரியும். சபையில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் புஷ்பம். ஒரே தேயிலை நிரையில் நின்று கொழுந்து எடுத்தவர்கள் நாங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் பக்கம் திரும்பி மூக்கைச் சுருக்கினாள். அடுத்த கிழமை வேறு பாயில் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த கிழமை என் பாயில் நான் மட்டும்தான்.

ஆராதனை முடிந்து தண்ணீர்ப் பைப்படியில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன் புஷ்பம் தள்ளித் தள்ளிப் போற?"

"ஒண்ணும் இல்லக்கா."

"சொல்லு."

"கராம்பு வாசம் வருதுக்கா. வாயும் நாறுது. வீட்டுலயே வெத்தலப் பொட்டி இருக்கு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களா பாஸ்டர்கிட்டச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருங்க."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றவள் பாஸ்டரிடம் சொல்லியிருந்தாள். பாஸ்டர் மாத்தளையிலிருந்து வருகிற சின்ன வயதுக்காரர். அவர் லயத்துக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் பேசினார்.

"அக்கா, மறைஞ்சிருக்கிறதுதான் சரீரத்துல வெளிய வருது. அறிக்கை பண்ணிட்டா அதோட போயிரும்."

"எதை அறிக்கை பண்ண?"

"வெத்தலை."

"நான் போடல."

"அக்கா, நான் உங்களச் சின்னதா நினைக்க மாட்டேன்."

"நான் போடலன்னு சொல்றேன்ல!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நம்பவில்லை என்று அந்தத் தலை சொன்னது. அறிக்கை செய்யும் வரைக்கும் திருவிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருவிருந்தை நிறுத்துவது என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு துண்டு அப்பம், அவ்வளவுதான். எனக்கு அது அவ்வளவு இல்லை. வேலை போனது, கை போனது, சத்தம் போட்டுப் பாடிய வாயும் போனது. அந்த அப்பம் ஒன்றுதான் நானும் ஒரு ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த திருவிருந்தன்று தட்டு என்னைத் தாண்டிப் போனது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் திறந்து வைத்திருந்தேன். புஷ்பமும் திறந்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

வெளியே வந்து அழுதேன். முருகையா கல்லிலிருந்து எழும்பினார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அத்தனை வருஷம் வாசலைத் தாண்டாதவர் அன்றைக்குத்தான் சபைக்குள் போனார். செருப்போடு போனார். வாயில் வெற்றிலையோடு போனார்.

"பாஸ்டர் ஐயா, வெத்தல போடுறவன் நான். இந்தா, என் வாயப் பாத்துக்குங்க! இவ வாயத் தொறக்கச் சொல்லி உங்கள்ள யாராச்சும் பாத்தீங்களா? மூக்க மட்டும் வச்சிக்கிட்டுத் தீர்ப்புச் சொல்றீங்க!"

"ஐயா, சத்தம் போடாதீங்க, இது ஆலயம்."

"என் பொட்டியில ஒரு பாக்கு குறைஞ்சாலும் எனக்குத் தெரியும். அவ என்னை விடச் சொல்லிக் கரச்சல் குடுத்த நாள்லருந்து, அவ கைக்கு எட்டாம ஒளிச்சு வச்சித் தின்னவன் நான்!"

பின்னால் இருந்த இளசுகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து, வெற்றிலைப் பெட்டியை மடியிலிருந்து எடுத்து, தேயிலைக்கு நடுவில் தண்ணீர் ஓடும் கானுக்குள் வீசினார். பித்தளைப் பெட்டி. அவருடைய அப்பாவின் பெட்டி. "இனி நம்ம வீட்டுல வெத்தல இல்ல. இப்ப என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றார். அதற்குப் பிறகு அவர் போடவில்லை. நான் பல வருஷம் ஜெபித்து விடாததை, என் பேருக்காக ஒரு நிமிஷத்தில் விட்டார்.

மாத்தளை ஆஸ்பத்திரிக்கும் போனோம். அங்கே ஒரு டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதும் வெற்றிலைதான். தோட்டத்துப் பொம்பிளை, வாயில் ஆறாத புண் என்றால் அவர்களுக்கு வேறு ஒன்றும் ஞாபகத்துக்கு வராது. போடுவதில்லை என்றேன். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க" என்றார். புற்றுநோயாக இருக்கலாம், கண்டிக்குப் போய் வாய்க்கு வைத்தியம் செய்கிற டொக்டர்களிடம் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். சபைக்குள் பொய்க்காரி, ஆஸ்பத்திரியிலும் பொய்க்காரி.

அந்தச் சாயங்காலம் பைப்படியில் குடத்தை வைத்துவிட்டு, குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று, வாய் விட்டு ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை.

"ஆண்டவரே, நான் வெத்தல போடலன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. சுகம் குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். செத்தாலும் பரவாயில்ல. ஆனா நான் பொய் சொல்லலன்னு இன்னும் ஒருத்தருக்குத் தெரியணும். அந்த ஒரு ஆள எனக்குக் காட்டுங்க."

இதுதான் நான் கேட்டது. தினமும் இதையேதான் கேட்டேன். அழகாக மாற்றிக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

கண்டிக்கு வத்தேகம வழியாகப் போகிற பஸ்ஸில் போனோம். வளைவுக்கு வளைவு தாடை இடித்தது. முருகையா தன் சால்வையை மடித்து என் கன்னத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வைத்தார். ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருந்து உள்ளே போனபோது ஒரு பொம்பிளை டொக்டர் இருந்தார். சிங்களப் பிள்ளை, என் மகள் வயதிருக்கும். சிங்களத்தில்தான் பேசினோம். அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

அவரும் வெற்றிலையைத்தான் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "முன்ன போட்டேன். ஞானஸ்நானம் எடுத்ததோட விட்டுட்டேன். நம்புனா நம்புங்க, இல்லன்னா விடுங்க மிஸ்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, அழுகிய இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மற்றப் பல்லை எல்லாம் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அந்த நாற்றத்துக்கு அவர் முகத்தைத் திருப்பவே இல்லை.

"நம்பத்தான் செய்றேன். வெத்தல போடுறவங்க பல்லு இப்பிடி இருக்காது. கன்னமும் இப்பிடி இருக்காது" என்றார்.

சகோதரிகளே, அந்த நாற்காலியில் வாயைத் திறந்தபடியே அழுதேன். நான் கேட்ட ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருந்தார். என் வாய்க்குள் பார்த்துவிட்டு என்னை நம்பிய முதல் ஆள்.

ஆனால் புண் என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். குழிக்குள் எலும்பு மூடாமல் தெரிகிறது, இது வேர் இல்லை, எலும்பு என்றார். கிளினிக் கொப்பியைப் புரட்டினார். கழுத்துக்கு, தலைக்குக் கரண்ட், அந்தக் கதிர் வைத்தியம், பிடித்திருக்கிறீர்களா, முன்பு புற்றுநோய் வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தினமும் என்ன மாத்திரை என்று கேட்டார். சொன்னேன். கடைசியில், சனிக்கிழமை வந்து வார்டில் சேர்ந்தால், திங்கட்கிழமை கொஞ்சம் வெட்டி எடுத்து பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று எழுதத் தொடங்கினார்.

எனக்கு ஒரு கவலை வந்தது. கேட்டேன்.

"மிஸ், வார்டுல ஞாயித்துக்கிழமை காலையில எழும்பி நிக்க விடுவாங்களா?"

"ஏன்?"

"ஒரு மாத்திரை இருக்கு. அதக் குடிச்சிட்டு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. வார்டுல படுன்னு சொன்னா என்ன செய்றது?"

அவருடைய பேனை நின்றது.

"என்ன மாத்திரை?"

"எலும்புக்கு."

"எத்தனை காலமா?"

"ரொம்ப வருஷமா."

"இத ஏன் அம்மா முதல்லயே சொல்லல?"

"தினமும் குடிக்கிறதத்தானே மிஸ் கேட்டீங்க. இது ஞாயித்துக்கிழமை மட்டும்."

அவர் எழும்பிப் போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பெரிய டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து விளங்கப்படுத்தினார். எலும்பு பழசைக் கரைத்துப் புதுசைக் கட்டிக்கொண்டே இருக்குமாம். இந்த மாத்திரை கரைப்பதை அடக்கி வைக்கும். முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் அது நல்லது. ஆனால் தாடையில் பல் பிடுங்கினால் பழுதைக் கரைத்துப் புதுசு கட்ட முடியாமல் சிலருக்கு எலும்பு செத்துப்போகும். ஸ்டெரொயிட் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். "நிறையப் பேருக்கு இது வாறதில்ல. உங்களுக்கு வந்துட்டு" என்றார். புற்றுநோய் இல்லை என்று நிச்சயப்படுத்த ஒரு சின்னத் துண்டு எடுப்போம், ஆனால் எலும்பைத் தோண்ட மாட்டோம், தோண்டத் தோண்ட இது கூடும் என்றும் சொன்னார். அப்போதுதான் மாத்தளையில் இரண்டாம் தடவை சுரண்டியது ஏன் மோசமாகியது என்று விளங்கியது.

முருகையா எழும்பி நின்றார். "அப்ப இது வெத்தலையால இல்லையே ஐயா?"

"இவங்க வெத்தல போடுறதே இல்லையே" என்றார் அந்தப் பிள்ளை டொக்டர்.

முருகையா வெளியே வந்து வரிசையில் இருந்த முகம் தெரியாத ஆட்களிடம், "கேட்டீங்களா? டொக்டரே சொல்லிட்டாங்க! என் பொஞ்சாதி வெத்தல போடுறதில்ல!" என்றார். அவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் என் காதில், "இப்ப நான் ஒரு வாய் போட்டா என்ன?" என்று கேட்டார். நான் முறைத்தேன். "சும்மா கேட்டேன்டி" என்று சிரித்தார். சிவப்பு போன பல்லோடு அவர் சிரித்தது எனக்குப் புதுசாக இருந்தது.

துண்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை. மூட்டு டொக்டரோடு பேசி எலும்பு மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்தினாலும் அது எலும்புக்குள் வருஷக்கணக்கில் நிற்குமாம். வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தார்கள். சீழ் வரும்போது மாத்திரை. செத்த எலும்பு தானாகக் கழன்று வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு காலம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

அந்தக் காலத்தில் நான் ஆண்டவரோடு பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்கள் முன்னால் வந்து நிற்பதற்காக நான் விழுங்கியது இதையா என்று அவரிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். வாயைக் கொப்பளித்தேன், துப்பினேன், கஞ்சி குடித்தேன். முருகையா கஞ்சியை வடிகட்டிக் கொடுப்பார். "சீனி போடவா?" என்பார். வேண்டாம் என்றால் போட்டுவிடுவார்.

எலும்பு கழல்வதற்கு முன்னால் அவர் போய்விட்டார். ஒரு காலையில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோட்டத்து லொறியில் ஏற்றிப் பாதி வழி போவதற்குள் முடிந்துவிட்டது. என் தோளில்தான் சாய்ந்திருந்தார். அவர் நெற்றியில் முத்தம் வைக்கக் குனிந்தேன். என் வாயை நினைத்து நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன், இந்த வியாதி என்னிடமிருந்து எதை எடுத்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

அவருடைய ஆட்கள் தப்பு மேளம் அடித்து, அவருடைய முறைப்படி அடக்கம் செய்தார்கள். சபையார் நீங்கள் பாதை ஓரத்தில் நின்று பார்த்தீர்கள். பாஸ்டர் மட்டும் தப்பு அடிக்கிறவர்களைத் தாண்டி உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். போகும்போது, "அடுத்த கிளினிக்குக்கு யாரு கூட வாறாங்க அக்கா?" என்று கேட்டார். மகளுக்கு லீவு கிடைக்காது என்றேன். "நான் வாறேன்" என்றார்.

வந்தார். கன்னத்துக்குச் சால்வை மடித்து வைக்க அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வந்தார். அன்றைக்கு அந்தப் பிள்ளை டொக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்து, எலும்பு ஆடுகிறது, எடுக்கலாம் என்றார். ஊசி போட்டு எடுத்தார்கள். வலி பெரிதாக இல்லை. தட்டில் விழுந்தபோது டக் என்று சத்தம் கேட்டது. பூச்சி அரித்த மரத் துண்டு மாதிரி, பழுப்பாக, என் பெருவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருந்தது. என் தாடை அது.

பாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக டொக்டரிடம் கேட்டார்.

"இதுக்கும் வெத்தலைக்கும் சம்பந்தம் இல்லையா டொக்டர்?"

அந்தப் பிள்ளைக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. "இந்த வீட்டு ஆட்கள் எல்லாரும் ஏன் இதையே கேட்கிறீங்க? இவங்க பல்ல நீங்க பாத்ததே இல்லையா?" என்றார்.

நான் வாயில் பஞ்சோடு இருந்தேன். சொல்ல நிறைய இருந்தது. பேச முடியாமல் ஆண்டவர் பஞ்சை வைத்திருந்தார். வரும் வழியில் பஸ்ஸில் அவர், "அக்கா, நான் உங்களுக்குச் செஞ்சது பாவம்" என்றார். தலையாட்டினேன். இல்லை என்று ஆட்டவில்லை. ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதைச் சபையார் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. புஷ்பம் அன்று சாயங்காலம் லயத்துக்கு ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வந்தாள். "தேங்காய்ப் பால் ஊத்தியிருக்குக்கா, பல்லுல படாது" என்றாள். வாங்கிக்கொண்டேன். மன்னித்துவிட்டேன். மறக்கவில்லை. இரண்டும் ஒன்று இல்லை என்று ஆண்டவருக்கும் தெரியும்.

இப்போது குழி மூடியிருக்கிறது. சீழ் இல்லை. வாய் நாறவில்லை. உதட்டில் பாதி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அந்தப் பக்கத் தாடை மெலிந்துவிட்டது, கடினமானது எதையும் கடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்குக்குப் போய்வருகிறேன். முன்னைப் போலப் பாட வராது. முழுச் சுகம் என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லாதவள் என்று நிரூபிக்கத்தானே இவ்வளவும்.

ஆனால் நான் கேட்டது கிடைத்தது. ஒருத்தருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டேன். முதலில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது, பிறகு பாஸ்டருக்கு, பிறகு உங்கள் எல்லோருக்கும். எந்த டொக்டருக்கும் வெளிப்படாத காரியத்தை, வார்டில் நிற்க விடுவார்களா என்ற ஒரு கேள்வியாக என் வாயில் வைத்தது யார்? அழுகிய வாயில் வைத்தார். எனக்கு அது போதும். கோபத்தோடு கேட்டாலும் அவர் கேட்கிறார். உங்களுக்கும் கேட்பார். அழகாக ஜெபிக்கத் தெரியாவிட்டால் சண்டை பிடியுங்கள். ஆனால் பேச்சை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்திப் பார்த்தேன். அது சீழைவிட மோசம்.

இன்னொன்று. உங்களில் எலும்பு மாத்திரை குடிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். என் முதுகை அது இத்தனை காலம் காப்பாற்றியது. ஆனால் பல் பிடுங்கப் போகும்போது, தினமும் குடிப்பதையும் சொல்லுங்கள், கிழமைக்கு ஒரு தடவை குடிப்பதையும் சொல்லுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். யாராவது ஆறாத புண்ணோடு உங்கள் பாயில் வந்து உட்கார்ந்தால், பாயை மாற்றாதீர்கள்.

போன மாதம் திருவிருந்து எடுத்தேன். மாத்திரை இல்லாமல் ஏறினேன். அப்பத்தைத் திராட்சை ரசத்தில் நனைத்து இடது பக்கம் வைத்துக்கொண்டேன். கரையும் வரைக்கும் வாசல் வழியாக வெளியே பார்த்தேன். கல் இருந்தது. எத்தனை மழை பெய்தும் அதன் சிவப்பு போகவில்லை.

என் பேருக்காக அந்தச் சிவப்பை விட்டவர் அவர். இந்தச் சபைக்குள் ஒரே ஒரு நாள் வந்தார், அதுவும் எனக்காகச் சண்டை பிடிக்க. இப்போது நான் அவருக்காகச் சண்டை பிடிக்கிறேன். செத்தவருக்காக ஜெபிப்பது நம் போதனையில் இல்லை என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். சொல்லட்டும். "எனக்கும் சேத்துக் கும்புடு" என்று அவர் கேட்டிருக்கிறார். கேட்டதைக் கொடுக்கிறவர் ஆண்டவர் என்று இவ்வளவு நேரம் உங்களுக்குச் சாட்சி சொன்னேன். அதனால்தான் தினமும் கேட்கிறேன்: "ஆண்டவரே, வாசல்ல ஒரு ஆள் உக்காந்திருக்காரு. உள்ள கூப்பிடுங்க."